மஸ்கோத் மாஸ்டர் நிஸ்வாவுக்குப் போனது

அல்வா வேலையில் கடைசி அரை மணி நேரத்துக்குத்தான் சம்பளம். அதுவரைக்கும் துடுப்பை யார் வேண்டுமானாலும் சுற்றலாம். நேற்று வந்த ஹெல்ப்பர்கூடச் சுற்றலாம். கடைசியில் கொப்பளம் சிறுத்து, சத்தம் மாறி, ஓரத்தில் எண்ணெய் மினுங்க ஆரம்பிக்கும்போது அடுப்பை எப்போது அணைப்பது என்று சொல்லத் தெரிந்தவன்தான் மாஸ்டர். ஷார்ஜாவிலும் துபாயிலும் ஸ்வீட் ஸ்டால் அடுப்படிகளில் எத்தனையோ பேரை வேலைக்குச் சேர்த்திருக்கிறேன். எல்லாரையும் நான் நிறுத்திப் பார்ப்பது அந்த அரை மணி நேரத்தில்தான். லட்டு பிடிப்பதையோ ஜிலேபி பிழிவதையோ பிறகு சொல்லிக்கொடுத்துவிடலாம்.

எனக்கு ஊர் முதலூர். தூத்துக்குடி மாவட்டத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி மஸ்கோத் அல்வா பற்றித்தான் இருக்கும். 1799-இல் கிறிஸ்தவக் குடியிருப்பாக உண்டான ஊர், வானத்தைக் குத்துகிற மாதிரி கோபுரம் வைத்த கோயில் என்று நாங்கள் பெருமை பேசுவோம். சாத்தான்குளம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அதையெல்லாம் கேட்க மாட்டார். "அரைக் கிலோ வாங்கிட்டு வந்திருக்கப்படாதா?" என்பார்.

மஸ்கோத்துக்கு நெய் கிடையாது. முழுக்கத் தேங்காய்ப்பால். மைதாவைப் பிசைந்து தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி அலசிப் பால் எடுப்போம். ரப்பர் மாதிரி கையில் நிற்கும் சக்கையை வீசிவிட்டு, பாலை ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிடுவோம். விடிந்ததும் தேங்காய்ப்பால், மாவுப்பால், சர்க்கரை மூன்றையும் ஒரே சட்டியில் ஏற்றிக் கிளற ஆரம்பித்தால் மணிக்கணக்கில் போகும். எங்கள் கணக்கில் மாவு ஒரு பங்கு என்றால் சர்க்கரை மூன்று பங்கு. தேங்காய் மட்டும் காய்க்குக் காய் மாறும், அதனால் அதற்கு எழுதிவைத்த அளவு கிடையாது. சட்டியில் தண்ணீர் வற்ற வற்ற, தேங்காய்ப்பாலில் இருக்கும் எண்ணெய் தானே பிரிந்து வெளியே வரும். எனக்குத் தொழில் சொல்லித்தந்த அண்ணாச்சி, "எண்ணெ கக்குத வரைக்கும் கைய எடுக்கப்படாதுலே" என்று ஒரே வரியில் பாடத்தை முடித்துவிட்டார். அந்த எண்ணெயிலேயே அல்வா வெந்து, முந்திரி சிவந்து, சட்டியை விட்டுத் திரண்டு வரும். தட்டில் கொட்டி ஆறவிட்டுத் துண்டு போடுவோம்.

இலங்கையில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் கொண்டுவந்த பண்டம் இது என்பது ஊரில் எல்லோரும் சொல்கிற செய்தி. நம்பலாம். இலங்கையில் சோனகர் வீடுகளில் விசேஷம் என்றால் மஸ்கட் என்று ஓர் இனிப்பு கிளறுவார்கள். அதுவும் மாவுப்பால் எடுத்துச் செய்கிற அல்வாதான். கொழும்புக்குப் போய்வந்த கீழக்கரை, காயல்பட்டினத்து ஆட்கள் வீடுகளில் தொதல் என்ற இனிப்பு அடுப்பேறியதும் இப்படித்தான். மஸ்கட்டில் இருந்து இலங்கைக்கு, இலங்கையில் இருந்து முதலூருக்கு என்று கப்பல் மாறி வந்த சரக்காக இருக்க வேண்டும். நான் என்னடா என்றால் அதே மஸ்கட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, அங்கே அல்வா எப்படிக் கிளறுகிறார்கள் என்று பார்க்காமலே வருஷத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

திருநெல்வேலி லாலா கடையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். அங்கே கோதுமை. ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, லேசாகப் புளிக்கவிட்டு, நெய்யில் கிளறுவது. நெல்லையப்பர் கோயில் எதிரில் சாயங்காலம் திறக்கும் இருட்டுக்கடையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், தாமிரபரணித் தண்ணீரில்தான் எல்லாம் இருக்கிறது என்று ஒரே வாக்கில் முடித்துவிடுவார்கள். ஷார்ஜாவில் எனக்குக் கிடைத்தது கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் விடும் தண்ணீர். கோதுமைப் பால் அதிலும் அழகாகத்தான் தெளிந்தது. பால் எவ்வளவு புளித்தது, நெய் எந்த நேரத்தில் எவ்வளவு விழுந்தது, சர்க்கரை எந்த அளவுக்குச் சிவந்தது, இந்த மூன்றிலும் கை தவறினால் தாமிரபரணிக் கரையிலும் அல்வா கெட்டுத்தான் போகும். சொந்த ஊரில் இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது.

வளைகுடாவில் எனக்கு மல்லுக்கு நின்றது தேங்காய். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி டின்னில் அடைத்த தேங்காய்ப்பாலை இறக்கிக் கொடுத்தார். வெள்ளை வெளேரென்று, கெட்டியாக, பார்க்க லட்சணமாக இருந்தது. கிளறினேன், கிளறினேன், எண்ணெய் வரவே இல்லை. பால் டின்னுக்குள் பிரிந்து நிற்கக் கூடாது என்பதற்காகத் தயாரிக்கிறவர்கள் நிலைப்படுத்தி ஒன்றைச் சேர்க்கிறார்கள். கறி வைக்கிறவருக்கு அது உபகாரம். எனக்கோ அந்தப் பால் பிரிந்தால்தான் பிழைப்பு. பவுடரிலும் இதே கதை. கடைசியில் துபாய் அவீர் மார்க்கெட்டில் மூட்டையாக இறங்கும் முழுத் தேங்காய்க்கே போனேன். ஆட்டிப் பார்த்துத் தண்ணீர் குறைந்த முற்றிய காயாகப் பொறுக்கி எடுப்பேன். சில சமயம் இலங்கைக் காய், சில சமயம் பொள்ளாச்சிக் காய். உடைத்துத் துருவிப் பிழிய ஓர் ஆளைத் தனியாகப் போட வேண்டியிருந்தது. அந்தச் சம்பளத்தையும் சேர்த்துத்தான் மஸ்கோத்துக்கு விலை வைத்தோம். விலையைக் கேட்டு முகம் சுளித்தவர்களுக்குக் கொசுறாக ஒரு துண்டு கொடுப்போம். அதற்குப் பிறகு பேச்சு இருக்காது.

இதற்கு நடுவில் எங்கள் கடைக்கு அரபிகள் வருவார்கள். சமோசா வாங்குவார்கள், குலாப் ஜாமூன் வாங்குவார்கள். அல்வாத் தட்டைக் காட்டி, "இது ஓமானியா?" என்று கேட்பார்கள். இல்லை, இந்தியா என்றால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எமிரேட்ஸ்காரர் வீட்டில் விருந்தாளி வந்தால் ஃபுவாலா என்று ஒரு தட்டு வைப்பது வழக்கம். பழம், பேரீச்சை, பலகாரம் எல்லாம் இருக்கும். அதில் ஓமான் அல்வாவுக்கு ஓர் இடம் உறுதி. ரம்ஜான் மாதத்தில் லுகைமாத்தும் அல்வாவும் இல்லாத வீடு இராது. லுகைமாத் நம் கண்ணுக்குச் சின்னச் சின்னதாய்ப் பொரித்த உருண்டை. மேலே பேரீச்சம்பாகு ஊற்றித் தருவார்கள். அதன் வித்தை சுலபமாகப் பிடிபட்டது. அல்வாதான் பிடிபடவில்லை. குளோபல் வில்லேஜில் ஓமான் அரங்கில் வாங்கித் தின்று பார்த்தேன். கரண்டியில் எடுத்தால் நடுங்குகிறது, வாயில் போட்டால் பல்லுக்கு வேலை இல்லை, தொண்டைக்குள் இறங்கிய பிறகும் குங்குமப்பூ வாசம் மூக்கில் நிற்கிறது. நான் கிளறுவது துண்டு போடுகிற அல்வா. இதைத் துண்டு போட முடியாது. மாவு எது, நெய் எங்கே போனது என்று நாக்கை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை.

முன்பெல்லாம் அல் ஐனில் இருக்கிறவர்கள் புரைமிக்கு நடந்தே போய் ஓமான் சாமான் வாங்கி வருவார்கள், கேட்பார் கிடையாது. நான் போக நினைத்த காலத்தில் வேலி வந்து, பாஸ்போர்ட் முத்திரை வந்து, விசா வந்துவிட்டது. ஆனாலும் ஓர் ஈத் விடுமுறையில் ஓமானின் நிஸ்வாவுக்குக் கிளம்பிவிட்டேன். கார் ஓட்டியவர் எங்கள் கடைக்குப் பால் சப்ளை செய்யும் மலையாளி. மெஸ்யத் எல்லையைத் தாண்டி இப்ரி, பஹ்லா வழியாக நிஸ்வா. எல்லையில் இருந்தே சுமார் மூன்று மணி நேரம். பஹ்லாவில் மண்பாண்டம் செய்கிறவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் அல்வாவை அடைத்து விற்றது இந்த ஊர் மண்ணில் வனைந்த சட்டிகளில்தான் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்குக் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் சொந்தக்காரர் கடை. தேங்காய் எண்ணெயில் கிளறிய அல்வாவைப் பாளம் பாளமாக அடுக்கி விற்கிற தெரு அது. வழி நெடுக, அல்வா என்றால் கோழிக்கோடுதான் என்று அவரும், போகட்டும் விடுங்கள் என்று நானும்.

நிஸ்வாவில் கோட்டையை ஒட்டிச் சந்தை. கோட்டை என்றால் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய பெரிய வட்டக் கோபுரம். வெள்ளிக்கிழமை காலையில் அதன் அடிவாரத்தில் ஆட்டுச் சந்தை கூடும். அதையெல்லாம் பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை. அல்வாக் கடை வரிசைக்கு நேராகப் போனேன்.

கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது சரக்கைக் காட்டும் கண்ணாடிப் பெட்டியே இல்லை என்பதுதான். தரையில் விரிப்பு, சுவரோரம் திண்டு. நடுவில் பெரிய தட்டு. அதில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் விதவிதமான அல்வா. பக்கத்தில் காபிக் கூஜா. விலை கேட்காதே, முதலில் உட்கார் என்று கையைக் காட்டினார் கடைக்காரர், வெள்ளைத் திஷ்தாஷா, குல்லாய் போட்ட பெரியவர். ஹாஜி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். வலது கையின் மூன்று விரலால் கொஞ்சம் வழித்து வாயில் போட வேண்டும். பிறகு கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பையில் ஏலக்காய் போட்ட காபி. அதில் சர்க்கரை துளியும் கிடையாது. போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்ட வேண்டும். ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு முன்னால் வந்திருந்த குடும்பம் தின்று, குடித்து, ஊர்க்கதை பேசி, ஒன்றும் வாங்காமல் எழுந்து போனது. ஹாஜி வாசல்வரை வந்து வழியனுப்பினார். எங்கள் முதலாளி பார்த்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ருசி பார்த்ததில் எனக்கு மனசுக்குப் பிடித்தது கறுப்பு. பழுப்புச் சர்க்கரை போட்டுக் கிளறியது. நம் கருப்பட்டிப் பலகாரத்தில் வருமே, அந்தக் காட்டமான பின்வாசம். மஞ்சளில் குங்குமப்பூ தூக்கலாக இருந்தது. முந்திரி, பாதாம், பிஸ்தா அள்ளிப் போட்டது விலை கூடுதல், அதை மரியாதைக்குரிய வீட்டுக்குக் கொண்டுபோவார்களாம். எல்லாவற்றிலும் பன்னீர். ஜெபல் அக்தர் மலையில் மார்ச் கடைசியில் தொடங்கி மே நடுவரை ரோஜா பறிப்பார்கள், அங்கே வடித்த பன்னீர்தான் சேர்ப்போம் என்றார் ஹாஜி. மலைப் பன்னீரில் புகை வாசம் ஒன்று இருக்கிறது. நம் கல்யாண வீட்டுப் பன்னீரை நினைத்துக்கொண்டு முகர்ந்தால் ஏமாற்றமாக இருக்கும்.

நான் ஸ்வீட் மாஸ்டர் என்று மலையாளி நண்பர் போட்டுக்கொடுத்துவிட்டார். ஹாஜி இந்தி பேசுவார், அவர் தலைமுறை ஓமானிகளில் நிறையப் பேர் பேசுவார்கள். என் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துடுப்புக் காய்ப்பு. "வா" என்று பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே பார்த்ததைத்தான் விரிவாகச் சொல்ல ஆசை. செங்கல்லில் கட்டிய அடுப்பு, அதன் மேல் மிர்ஜல் என்ற செம்புக் கொப்பரை. உள்ளே ஈயம் பூசியது. ஒரு ஆள் உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரியது. அடுப்பில் ஸமர் மரத்து விறகு. நம் ஊர்க் கருவேலத்துக்குப் பங்காளி. முள் இருக்கும், புகை குறைவு, நின்று எரியும். அந்த மரத்துப் பூவில் தேனீ எடுக்கும் தேனுக்கு ஓமானில் தனி விலை. கொப்பரைக்கு முன்னால் ஒரு வங்காளதேச இளைஞர், இடுப்பு உயரத்துக்கு மேல் வரும் நீளத் துடுப்போடு. அவருடைய கிளறலைப் பார்த்தவுடன் தொழில் தெரிந்தவர் என்று புரிந்தது. தோளை மட்டும் ஆட்டவில்லை. முன்காலில் எடையைப் போட்டு அடிமட்டத்தைச் சுரண்டி, பின்காலுக்கு மாறும்போது துடுப்பைப் புரட்டினார். தோளால் மட்டும் கிளறுகிறவன் ஐந்து வருஷத்தில் தைலத்துக்குச் சம்பளத்தைக் கொடுப்பான்.

சர்க்கரைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மாவை நம்மைப் போல அரைத்துத் தெளியவைப்பதெல்லாம் அங்கே இல்லை. தயாராக வரும் ஸ்டார்ச்சைத் தண்ணீரில் கரைத்து ஒரே சீராக ஊற்றினார்கள். முதலில் பால் மாதிரி வெளுத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மாதிரித் தெளிய ஆரம்பித்தது. மாவுச்சத்து வெந்து தண்ணீரைக் குடிக்கிற கட்டம் அது. நம் சட்டியிலும் இதேதான் நடக்கிறது. ஆனால் நாம் புளித்த பாலில் செய்வதால் நிறம் மங்கலாக இருக்கும், லேசான புளிப்பு அடியில் நிற்கும். அவர்கள் அல்வா கண்ணாடியாகத் தெளிந்திருப்பதற்கும், நாக்கில் புளிப்பு தட்டாததற்கும் காரணம் பிடிபட்டது. நெய்யை ஒரே மூச்சில் கொட்டவில்லை. ஒரு கரண்டி போட்டு, அது உள்ளே போய் மறையும்வரை கிளறி, அடுத்த கரண்டி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இப்படியே. நாங்கள் நெய் கக்கிய பிறகு அடுப்பை அணைப்போம். அவர்கள் நெய் கக்கத் தொடங்கும் முன்பே இறக்கிவிடுகிறார்கள். தண்ணீர் அவ்வளவு மிச்சம் இருப்பதால்தான் அந்த நடுக்கம், அந்த வழவழப்பு. நாக்கால் கண்டுபிடிக்க முடியாததை அந்தக் கொப்பரைப் பக்கம் நின்று கண்ணால் கண்டுபிடித்தேன்.

"இவ்வளவு தண்ணீர் இருந்தால் கெடாதா?" என்று கேட்டேன். நான்கு மாதம் வெளியிலேயே வைக்கலாம், ஃப்ரிட்ஜில் வைத்தால்தான் பாழாகும் என்றார் ஹாஜி. சர்க்கரை அவ்வளவு இருக்கும்போது பூஞ்சைக்கு இடம் கிடைக்காது என்பது எங்கள் தொழிலிலும் தெரிந்த விஷயம். தண்ணீர் பற்றியும் கேட்டுவிட்டேன். இந்த ஊர் ஃபலஜ் வாய்க்கால் தண்ணீரில்தான் ருசி என்று கேள்விப்பட்டேனே, நிஜமா? நிஸ்வாவின் ஃபலஜ் தாரிஸ் 2006-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய வாய்க்கால், மலைத் தண்ணீரைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவது. ஹாஜி சுவரோரம் இருந்த குழாயைக் காட்டிச் சிரித்தார். "வாய்க்கால் பேரீச்சைக்கு. எங்களுக்கு இதுதான்." தாமிரபரணிக் கதையை அவருக்குச் சொன்னேன். மனுஷன் ரசித்துச் சிரித்தார்.

நானும் வெறும் கையோடு போகவில்லை. டப்பாவில் மஸ்கோத் கொண்டுபோயிருந்தேன். ஹாஜி ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்தினார். விரலில் ஒட்டிய எண்ணெயை முகர்ந்தார். வாயில் போட்டு மெதுவாக மென்றார். "நெய் இல்லை. தேங்காய். சலாலாக்காரன் செய்கிற மாதிரி இருக்கிறது." சலாலாவில் தென்னந்தோப்பு உண்டு, மழைக்காலத்தில் அங்கே போனால் நாகர்கோவிலுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். அடுத்த துண்டையும் எடுத்துக்கொண்டு, "பல்லுக்கு வேலை வைக்கிறாய். காபிக்கு முன்னால் இதைக் கொடுத்தால் விருந்தாளி பேசவே மாட்டான், மென்றுகொண்டே இருப்பான்" என்றார். குறை சொன்னாரா, பாராட்டினாரா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் தொழில் ரீதியாக அதில் ஒரு நியாயம் இருந்தது. அவர்கள் அல்வா பேச்சுக்கு நடுவில் தின்பதற்காகச் செய்தது. நம்முடையது பார்சலுக்கு. பஸ்ஸில் ஏறி, ரயிலில் ஏறி, உருகாமல் ஊர் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் நாம் இறுக்கிக் கிளறுகிறோம்.

அந்த வங்காளதேச இளைஞரிடம் தனியாகக் கொஞ்ச நேரம் பேசினேன். வரும்போது துடுப்பு என்றால் என்னவென்றே தெரியாதாம். கட்டிட வேலை என்று சொல்லி ஏஜென்ட் அனுப்பினாராம். ஹாஜியின் அப்பா காலத்தில் வீட்டு ஆண்களே கிளறினார்கள், இப்போது பையன்கள் மஸ்கட்டில் ஆபீஸ் வேலை. பதம் பார்க்க மட்டும் ஹாஜி வந்து நிற்பார். அடுத்து யார் பார்ப்பார்கள் என்று கேட்டதற்கு, "நான்தான்" என்றார் அந்தப் பையன், தயக்கமே இல்லாமல். எனக்கு அது புதிதாகப் படவில்லை. திருநெல்வேலி அல்வாவை ஊரறியச் செய்ததே ராஜஸ்தானில் இருந்து வந்த சிங் குடும்பங்கள்தான். துடுப்பு யார் கையில் இருக்கிறதோ, அல்வா அவர்களுடையது.

பிறகொரு சமயம் கேட்டரிங் வேலையாக பஹ்ரைன் போனபோது முஹர்ரக்கில் ஷோவைத்தர் கடையையும் பார்த்தேன். 1850-இல் ஆரம்பித்தது என்று போட்டிருப்பார்கள். முழு வியாபாரக் கடை. அடுக்கடுக்காக டப்பா, நிறம் நிறமாக அல்வா. பாலத்தைத் தாண்டி வரும் சவூதிக்காரர்கள் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போவார்கள். கார்ன் ஸ்டார்ச் அல்வா, குங்குமப்பூ, பருப்பு எல்லாம் இருந்தும், நிஸ்வாவை விட இறுக்கம். எனக்குத் தெரிந்த உலகம் அது. சரக்கு, டப்பா, பில், அடுத்த ஆள். நன்றாகவே இருந்தது. ஆனால் திண்டு போட்டு உட்காரச் சொல்லவில்லை.

எக்ஸ்போ நடந்த 2021, 22 குளிர்காலத்தில் உலகத்துச் சமையல்காரர்கள் எல்லோரும் துபாயில்தான் இருந்தார்கள். ஒரு ஹோட்டல் விருந்தில் எங்களுக்குப் பக்கத்து மேஜை பெரு நாட்டுப் பேஸ்ட்ரிக்காரர். மான்ஹார் பிளாங்கோ என்று பாலும் சர்க்கரையும் சேர்த்துச் சுண்டக் கிளறி, அல்ஃபாஹோர் என்ற உதிரும் பிஸ்கட்டுக்கு நடுவில் வைத்துத் தந்தார். வாயில் போட்டதும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று தெரிந்தது. அவர் மஸ்கோத்தைத் தின்றுவிட்டு முதலில் கேட்டது, "எவ்வளவு நேரம் கிளறினாய்?" என்றுதான். என்ன போட்டாய் என்று கேட்கவில்லை. கிளறுகிறவன் கேட்கிற கேள்வி அது.

நிஸ்வாவில் இருந்து திரும்பியதும் முதலாளியிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, ரம்ஜானுக்கு ஓமான் பாணியில் ஓர் அல்வா போடுவோம், கரண்டியால் எடுக்கிற பதத்தில். இன்னொன்று, வாசலில் ஒரு பெஞ்ச் போட்டு, வருகிறவர்களுக்குக் காபி கொடுப்போம். முதலாவதை உடனே ஒத்துக்கொண்டார். இரண்டாவதுக்கு, வாடகை எவ்வளவு தெரியுமா என்று கேட்டார். பெஞ்ச் போடவில்லை.

விறகு அடுப்பு இங்கே நடக்காது, முனிசிபாலிட்டி அனுமதிக்காது. கேஸ் அடுப்புதான். அதனால் புகைவாசம் இல்லை. ஸ்டார்ச் கரைத்து ஊற்றி, நெய்யை அவர்கள் முறையில் கரண்டி கரண்டியாகப் போட்டு, பன்னீரைக் கடைசியில் சேர்த்து இறக்கினோம். ஆனால் என் கை கேட்கவில்லை; இன்னும் கொஞ்சம் சுருளட்டும் என்று அரை மணி நேரம் கூடுதலாகவே கிளறியது. விளைவு, நிஸ்வாவுக்கும் நெல்லைக்கும் நடுவில் நிற்கிற ஒரு சரக்கு. கரண்டியாலும் எடுக்கலாம், கத்தியாலும் வெட்டலாம். எமிரேட்ஸ் வாடிக்கையாளர்கள் வாங்கினார்கள். ஓமானிகள் வாங்கவில்லை, அவர்களை ஏமாற்ற முடியாது. தமிழர்கள், "மாஸ்டர், நெய் கம்மியா இருக்கே" என்றார்கள். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் அது வருகிறது. மாதம் முடிந்ததும் தட்டை எடுத்துவிடுவோம்.

இப்போது கிளற மெஷின் வந்துவிட்டது. கொப்பரைக்கு மேல் மோட்டார், அதில் துடுப்பு. ஓமானிலும் பெரிய ஆலைகளில் இதுதான். மெஷின் அல்வா கெட்ட அல்வா என்று பேசுகிற பெரிய மாஸ்டர்கள் உண்டு. அவர்கள் தோளைக் கேட்டால் உண்மை தெரியும். முக்கால்வாசி நேரம் மெஷின் அடி பிடிக்காமல் சீராகக் கிளறும், மனுஷனை விடச் சீராக. கடைசிக் கட்டத்தில் மட்டும் அதற்கு ஒன்றும் தெரியாது. எண்ணெய் கக்கினாலும் அதே வேகம், கக்காவிட்டாலும் அதே வேகம். எங்கள் அடுப்படியில் இரண்டு மெஷின் இருக்கிறது. எண்ணெய் ஓரத்தில் மினுங்கியதும் சுவிட்சை அணைத்துவிட்டுத் துடுப்பை நான் வாங்கிக்கொள்வேன்.

போன மாதம் ஒடிசாவில் இருந்து ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். சப்பாத்தி போடுகிறவனாக வந்தான். நேற்று மஸ்கோத் சட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, சத்தம் மாறியதும் சொல் என்றேன். நான் சொல்வதற்கு முன்னால் அவன் சொல்லிவிட்டான். வருகிற மாதம் அவனுக்குச் சம்பளம் கூட்ட முதலாளியிடம் பேச வேண்டும்.